டூர்னிக்கெட் இரண்டாம் முறை பிறந்த கதை

ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு கறுப்பு நைலான் பட்டை. அதில் கோத்தபடி விரல் தடிமனுக்கு ஒரு பிளாஸ்டிக் கழி. கழியைத் திருகி முடித்ததும் அது திரும்பிச் சுழன்றுவிடாமல் மாட்டிவைக்க ஒரு கவ்வி. கவ்வியின் மேல் ஒட்டும் சின்னத் துண்டில், எத்தனை மணிக்குக் கட்டினோம் என்று எழுத இடம். மொத்த எடை நூறு கிராம்கூட இல்லை. ரத்தப் பரிசோதனைக்குப் போனால் ஊசி குத்துவதற்கு முன் முழங்கைக்கு மேலே ரப்பர் குழாயைக் கட்டுவார்களே, அதன் முரட்டு அண்ணன் இது. ரப்பர் குழாய் சிரையை மட்டும் அழுத்தும். இந்தப் பட்டை தமனியையே மூடும். தொடை கிழிந்து ரத்தம் பீய்ச்சி அடிக்கும்போது, அடிபட்டவர் தானே ஒற்றைக் கையால், இருட்டில்கூட இதைக் கட்டிக்கொள்ளலாம்.

இன்று பல நாட்டு ராணுவங்களில் சிப்பாயின் உடுப்பிலேயே, எட்டும் இடத்தில் இது செருகியிருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை நேர்மாறு. டூர்னிக்கெட் என்ற பெயரைச் சொன்னாலே முதலுதவி ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். வேறு எந்த வழியும் இல்லாதபோது தொட வேண்டியது, கட்டினால் கால் போய்விடும் என்றுதான் பாடம் நடந்தது.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 1674இல் பெஸான்ஸோன் முற்றுகையின்போது மோரெல் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் துணியைச் சுற்றிக் கட்டி, அதில் குச்சியைச் செருகித் திருகி ரத்தத்தை நிறுத்தினார். 1718இல் பாரிஸில் ழான் லூயி பெத்தி அதற்குத் திருகாணி வைத்து ஒரு கருவியாக்கினார். முதல் பிறப்பு அது. ஆனால் அடிபட்டவரை அறுவை மேசைக்குக் கொண்டுபோக வழியில்லாத போர்களில் கட்டு மணிக்கணக்கில் அப்படியே கிடந்தது. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் அரைகுறையாகக் கட்டியவை, மறந்துபோய் விட்டவை எல்லாம் சேர்ந்து அழுகிய கால்களாக மருத்துவர்களிடம் வந்தன. கண்ணால் கண்ட மருத்துவர்கள் இதை வெறுத்ததில் வியப்பில்லை. கட்டாததால் வழியிலேயே இறந்தவர்கள் அவர்கள் கண்ணில் படவே இல்லை என்பதுதான் இதில் உள்ள கொடுமை.

இன்னொரு முரணும் இருந்தது. முழங்கால் அறுவையின்போது தொடையில் காற்றடைத்த பட்டையைக் கட்டி ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ரத்தத்தை நிறுத்திவைப்பது எலும்பு மருத்துவர்களின் அன்றாட வேலை. அறுவை அரங்கில் பத்திரமான பொருள், சாலையிலும் போர்க்களத்திலும் ஆபத்தாகிவிட்டது. வியட்நாம் போரில், உயிரைப் பறிக்கும் வேறு காயம் எதுவும் இல்லாமல் கை கால் காயத்திலிருந்து போன ரத்தத்தாலேயே இறந்த அமெரிக்க வீரர்கள் 2,500 பேருக்கு மேல் என்று பின்னால் கணக்கிட்டார்கள். கணக்கு தெரிந்த பிறகும் பாடம் மாறவில்லை.

மாறத் தொடங்கிய ஆண்டு 1993. அமெரிக்கக் கடற்படையில் ஃபிராங்க் பட்லர் என்ற கண் மருத்துவர் இருந்தார். மருத்துவம் படிக்கும் முன் அவர் சீல் அதிரடிப் படை வீரர். படைவீரனுக்குச் சொல்லித்தரும் முதலுதவி முழுவதும் மருத்துவமனையை மனத்தில் வைத்து எழுதியதாக இருக்கிறதே என்பது அவருடைய ஆதங்கம். அன்றைய விபத்துச் சிகிச்சைப் பாடத்துக்கும் ஒரு பிறந்த கதை உண்டு. 1976இல் நெப்ராஸ்கா வயல்வெளியில் தன் சிறு விமானம் விழுந்து, மனைவியைப் பறிகொடுத்து, அடிபட்ட பிள்ளைகளோடு சிறிய மருத்துவமனைக்குப் போன ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு மருத்துவர், அங்கே கிடைத்த சிகிச்சையைக் கண்டு நொந்து உருவாக்கிய பாடம் அது. முதலில் மூச்சுக்குழாய், அடுத்து சுவாசம், அப்புறம் ரத்த ஓட்டம் என்று வரிசை. விளக்கு எரியும் அறைக்கு அருமையான வரிசை. சுற்றிலும் குண்டு பறக்கும்போது மூச்சுக்குழாயைத் தேடிக்கொண்டிருந்தால் தொடைத் தமனி அதற்காகக் காத்திருக்காது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

பட்லரும் அவருடைய சகாக்களும் இதை யோசித்துக்கொண்டிருந்த அதே ஆண்டு அக்டோபரில்தான் மொகதிஷு நடந்தது.

சோமாலியாவில் 1991 ஜனவரியில் சர்வாதிகாரி சியாத் பாரே விரட்டப்பட்டார். விரட்டியவர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டார்கள். பஞ்சம் வந்தது. உணவு மூட்டைகளுக்குக் காவலாக 1992 டிசம்பரில் அமெரிக்கப் படை இறங்கியது. அடுத்த மே மாதம் பொறுப்பு ஐ.நா.வுக்குப் போனது. ஜூன் 5 அன்று பாகிஸ்தானைச் சேர்ந்த அமைதிப்படை வீரர்கள் 24 பேர் கொல்லப்பட்டார்கள். பழி, தலைநகர் மொகதிஷுவில் பெரும் செல்வாக்கோடு இருந்த தளபதி முஹம்மது ஃபாரா ஐதீத் மேல் விழுந்தது. அவர் தலைக்கு 25,000 டாலர் விலை வைத்தார்கள். ஜூலை 12 அன்று அவருடைய ஆட்கள் கூடியிருந்த வீட்டை அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஏவுகணைகளால் தகர்த்தன. அங்கே இருந்தவர்களில் குலப் பெரியவர்களும் உண்டு. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததாகச் செஞ்சிலுவைச் சங்கம் சொன்னது. அக்டோபரில் நகரமே ஏன் துப்பாக்கியோடு தெருவுக்கு வந்தது என்று கேட்பவர்கள் இந்த ஜூலை நாளைத் தாண்டிப் போக முடியாது. சோறு கொடுக்க வந்தவர்கள் என்ற நல்ல பெயர் அன்றோடு போனது.

1993 அக்டோபர் 3, ஞாயிற்றுக்கிழமை. பக்காரா சந்தைக்கு அருகில், ஒலிம்பிக் ஓட்டலுக்குப் பக்கத்து வீட்டில் ஐதீதின் முக்கிய ஆட்கள் இருவர் வந்திருப்பதாகத் தகவல். ஜெனரல் வில்லியம் கேரிசனின் கீழ் இருந்த அமெரிக்க ராணுவத்தின் ரேஞ்சர், டெல்டா சிறப்புப் படையினர் சுமார் 160 பேர், 19 விமானங்களிலும் ஹெலிகாப்டர்களிலும் 12 வண்டிகளிலுமாகக் கிளம்பினார்கள். கயிற்றில் இறங்குவது, ஆட்களைப் பிடிப்பது, வண்டியில் ஏற்றித் திரும்புவது. ஒரு மணி நேர வேலை என்பது திட்டம். பட்டப்பகல் ஆகையால் பலர் இருட்டில் பார்க்கும் கண்ணாடியை முகாமிலேயே விட்டுவிட்டார்கள். தண்ணீர்க் குடுவையைக்கூடச் சிலர் எடுக்கவில்லை.

பிற்பகல் 3.42க்கு இறங்கினார்கள். பிடிக்க வந்தவர்களைப் பிடித்தும்விட்டார்கள். சுமார் 4.20க்குத் தோளில் வைத்துச் சுடும் ராக்கெட் ஒன்று பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ஒன்றின் வாலைத் தாக்கியது. அது சந்தைக்கு வடகிழக்கே ஒரு சந்தில் விழுந்தது. இருபது நிமிடத்தில் இன்னொன்று. இரண்டாவதைக் காக்கத் தாங்களாகவே கேட்டு இறங்கிய கேரி கோர்டன், ராண்டி ஷுகார்ட் இருவரும் அங்கேயே மாண்டார்கள். விமானி மைக் டுராண்ட் பிடிபட்டு, பதினோரு நாளுக்குப் பின் விடுதலையானார். வண்டி அணி முதல் ஹெலிகாப்டரைத் தேடித் தெருத் தெருவாகச் சுற்றியது; ஒவ்வொரு முனையிலும் தடுப்பு, சூடு. வழி கிடைக்காமல், வண்டி நிறைய காயம்பட்டவர்களோடு முகாமுக்கே திரும்பிவிட்டது. விழுந்த முதல் ஹெலிகாப்டரைச் சுற்றியுள்ள வீடுகளில் ஏறக்குறைய 90 பேர் மாட்டிக்கொண்டார்கள். பொழுது சாய்ந்தது.

கவச வண்டி வேண்டும் என்று களத்திலிருந்து முன்பே கேட்டிருந்தார்கள். பாதுகாப்புத் துறைச் செயலர் லெஸ் ஆஸ்பின் மறுத்திருந்தார். ஆகவே மலேசியாவின் கவச வண்டிகளையும் பாகிஸ்தானின் டாங்கிகளையும் கேட்டு வாங்கி, அமெரிக்கப் படையோடு சேர்த்து, ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாத மூன்று படைகளை ஒரே வரிசையில் நிறுத்தி அனுப்ப வேண்டியிருந்தது. அந்த மீட்பு அணி நள்ளிரவு தாண்டித்தான் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் பாகிஸ்தான் படையின் வசமிருந்த விளையாட்டு மைதானத்துக்குச் சிக்கியிருந்தவர்கள் வந்தபோது, சண்டை தொடங்கி ஏறக்குறைய பதினைந்து மணி நேரம் ஆகியிருந்தது. அமெரிக்கர் 18 பேர் இறந்தார்கள், 73 பேர் காயம். மலேசிய வீரர் ஒருவரும் உயிரிழந்தார்.

அந்தப் பதினைந்து மணி நேரத்துக்குள் ஒரு வீட்டில் நடந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

21 வயது ரேஞ்சர் ஒருவருக்குத் தொடையின் மேற்பகுதியில் குண்டு பாய்ந்தது. தமனி அறுந்து, அறுந்த நுனி இடுப்புக்குள் சுருங்கிப் போய்விட்டது. டூர்னிக்கெட் கட்டலாம் என்றால், கட்டுவதற்குக் காயத்துக்கு மேலே தொடையே மிச்சமில்லை. மருத்துவ உதவியாளர் காயத்துக்குள் கையை விட்டு அந்த நுனியைத் தேடினார். மயக்க மருந்து கிடையாது, சரியான வெளிச்சம் கிடையாது, பையன் முழு நினைவோடு இருக்கிறான். துணியைத் திணித்து, தன் எடை முழுவதையும் போட்டு அழுத்தினார். மற்றவர்கள் முறை வைத்து அழுத்தினார்கள். நரம்பில் ஏற்றும் திரவம் கையிருப்புத் தீர்ந்துகொண்டே வந்தது. உடனே அறுவைக்குப் போகாவிட்டால் பிழைக்கமாட்டான் என்று வானொலியில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இன்னொரு ஹெலிகாப்டரை இறக்கினால் அதுவும் விழும் என்று மேலிடம் மறுத்தது. இருட்டியபின் ஒரு பிளாக் ஹாக் தாழப் பறந்து தண்ணீரும் குண்டுகளும் மருந்தும் போட்டுவிட்டுப் போனது, யாரையும் ஏற்றிக்கொள்ளவில்லை. அந்த இளைஞர் அன்று இரவே இறந்துபோனார். மணிக்கணக்கில் மற்றவர்கள் கையால் அழுத்திப் பிடித்தே அவரை உயிரோடு வைத்திருந்தார்கள்.

அந்த மறுப்பு சரியா தப்பா என்று இன்றும் வாதம் உண்டு. அந்த இரவில் மூன்றாவது ஹெலிகாப்டரும் விழுந்திருக்கும் என்றே நினைக்கிறேன். தவறு அதற்கு முன்பே நடந்துவிட்டது. அடிபட்டவன் சீக்கிரம் மருத்துவமனை போய்விடுவான் என்று நம்பி எழுதிய பாடத்தோடு ஒரு மருத்துவ உதவியாளரை அந்தச் சந்தில் இறக்கியதுதான் தவறு.

சோமாலியர்கள் அந்த நாளை ‘மாலின்தி ரேஞ்சர்ஸ்’, ரேஞ்சர்களின் நாள் என்கிறார்கள். அவர்கள் பக்கம் இறந்தவர்கள் சில நூறு என்றும், ஆயிரம் வரை இருக்கும் என்றும் மதிப்பீடுகள்தான் உள்ளன. அவர்களில் பெண்களும் குழந்தைகளும் பலர். நகரின் மருத்துவமனைகள் வழிந்தன. ஒவ்வொரு அமெரிக்க வீரரின் காயத்துக்கும் எந்தக் குண்டு, எந்த இடம், எத்தனை மணி என்று பட்டியல் எழுதப்பட்டது. அந்தப் பட்டியலிலிருந்து ஒரு மருத்துவமே பிறந்தது. அதே தெருவில் அதே இரவில் ரத்தம் வடிந்து செத்த சோமாலியப் பெண்ணின் காயம் எந்தப் பட்டியலிலும் இல்லை. இந்தக் கதையை எழுதும் யாரும் இதைச் சொல்லாமல் கடக்கக் கூடாது.

அரசியலில் நடந்தது உலகத்துக்குத் தெரியும். 1994 மார்ச்சுக்குள் படையைத் திரும்பப் பெறுவதாக அதிபர் கிளின்டன் அறிவித்தார். ஆஸ்பின் பதவி விலகினார். 1994 ஏப்ரலில் ருவாண்டாவில் இனப்படுகொலை தொடங்கியபோது மொகதிஷுவின் நினைவு வாஷிங்டனின் கையைக் கட்டிப்போட்டது. அந்தச் சண்டையைப் பற்றிய மார்க் போடனின் புத்தகமும் 2001இல் வந்த ‘பிளாக் ஹாக் டௌன்’ படமும் போரைப் பிரபலமாக்கின.

சத்தமில்லாமல் நடந்தது மருத்துவத்தில். 1996 ஆகஸ்டில் ஃபிராங்க் பட்லர், ஜான் ஹேக்மன், ஜார்ஜ் பட்லர் மூவரும் ‘மிலிட்டரி மெடிசின்’ இதழில் போர்க்கள முதலுதவியைப் புதிதாக வகுத்து எழுதினார்கள். சூடு நடக்கும் நேரம், சூடு ஓய்ந்த நேரம், ஏற்றிச் செல்லும் நேரம் என்று சிகிச்சையை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் கட்டத்தில் செய்யத்தக்க மருத்துவம் ஏறக்குறைய ஒன்றுதான்: திருப்பிச் சுடு, கை காலிலிருந்து ரத்தம் பீறிட்டால் டூர்னிக்கெட் கட்டு. மூச்சுக்குழாய் அப்புறம். கண்டபடி நரம்பில் திரவம் ஏற்றுவதையும் நிறுத்தச் சொன்னார்கள். ஹூஸ்டன் நகரில் உடம்பில் குண்டோ கத்தியோ பாய்ந்து வந்த 598 பேரை வைத்து நடந்த ஆய்வு 1994இல் வெளியாகியிருந்தது. அறுவைக்கு முன்பே திரவம் ஏற்றப்பட்டவர்களில் 62 சதவீதமும், அறுவை வரை ஏற்றாமல் வைத்திருந்தவர்களில் 70 சதவீதமும் பிழைத்திருந்தார்கள். உறையத் தொடங்கிய ரத்தத்தைத் திரவம் தள்ளிவிடுகிறது என்பது விளக்கம்.

எழுதியதும் ஊர் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. சீல் படை எடுத்துக்கொண்டது, மற்றவர்கள் தயங்கினார்கள். 1998 டிசம்பரில் தாம்பா நகரில் சிறப்புப் படை மருத்துவர்கள் கூடி, மொகதிஷுவில் நடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, இந்த இடத்தில் நீ என்ன செய்வாய் என்று விவாதித்தார்கள். அந்தப் போரில் மருத்துவ உதவியாளராக இருந்து பிறகு டாக்டரான ராபர்ட் மேப்ரி, 2000இல் தன் தோழர்களின் காயங்களை ஆய்வுக் கட்டுரையாக்கினார். கூடவே நின்று ரத்தத்தை நிறுத்தப் பாடுபட்ட ஒருவரே, பின்னர் மேசைமுன் உட்கார்ந்து அந்தக் காயங்களை அட்டவணையில் நிரப்புவது எவ்வளவு கனமான வேலை!

திருப்பம் தந்தவர் டாக்டர் அல்ல, படைத்தலைவர். 1997 முதல் 1999 வரை ரேஞ்சர் ரெஜிமென்டுக்குத் தலைமை தாங்கிய ஸ்டான்லி மெக்கிரிஸ்டல், சுடுதல், உடல்வலு, சிறுகுழுப் போர்முறை ஆகிய மூன்றோடு மருத்துவத்தையும் அடிப்படைப் பயிற்சியாகச் சேர்த்தார். சமையல்காரர், ஓட்டுநர் உட்பட ஒவ்வொருவரும் கற்றாக வேண்டும். மொகதிஷு காட்டியது அதைத்தான். அடிபட்டவனுக்கு அந்த முதல் நிமிடத்தில் எட்டும் தூரத்தில் இருப்பது மருத்துவ உதவியாளர் அல்லர், பக்கத்தில் நிற்கும் தோழன்.

2001 அக்டோபர் முதல் 2010 மார்ச் வரை ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் ரேஞ்சர் ரெஜிமென்டில் அடிபட்டவர்கள் 419 பேர். இறந்தவர்கள் 32 பேர். களத்தில் சரியான சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லும்படி அவர்களில் ஒருவர்கூட இல்லை. அமெரிக்க ராணுவம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், களத்தில் நேர்ந்த மரணங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்று தவிர்த்திருக்கக்கூடியது. 2003இல் இராக்குக்குள் நுழைந்த சாதாரணச் சிப்பாய்கள் பெரும்பாலோரிடம் நல்ல டூர்னிக்கெட்டே இல்லாமல் இருந்தது. நான் தொடக்கத்தில் விவரித்த கறுப்புப் பட்டை, சோதனைகளில் தேறி 2005 வாக்கில்தான் எல்லோர் கைக்கும் வந்தது.

பழைய பயத்துக்குப் பதில் பாக்தாதில் கிடைத்தது. 2006இல் அங்கிருந்த ராணுவ மருத்துவமனையில் ஜான் கிராக் என்ற எலும்பு மருத்துவர் டூர்னிக்கெட்டோடு வந்த 232 பேரைப் பின்தொடர்ந்தார். 309 கை கால்கள், 428 பட்டைகள். ரத்த இழப்பால் உடல் தளர்ந்துபோகும் முன் கட்டப்பட்டவர்களில் 90 சதவீதம் பிழைத்தார்கள்; தளர்ந்தபின் கட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். கட்டியிருக்க வேண்டிய ஐந்து பேருக்குக் கட்டவில்லை, ஐவரும் இறந்தார்கள். கட்டிய காரணத்தால் யாரும் காலை இழக்கவில்லை. நூற்றாண்டுக் காலப் பயம் இந்தச் சில எண்களில் கரைந்தது.

மொகதிஷு இளைஞருக்கு வந்தது போன்ற, கட்ட இடமில்லாத இடுப்புமடிப்புக் காயத்துக்கும் தேடல் நடந்தது. இறால் ஓட்டிலிருந்து எடுத்த பொருளால் செய்த ஒட்டுக்கட்டு வந்தது. கேயோலின் களிமண் ஏற்றிய, ரத்தத்தை உறையவைக்கும் துணி 2008இல் களத்துக்குப் போனது. அதைக் காயத்துக்குள் திணித்து மூன்று நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இடுப்பை அழுத்தும் கவ்விகளும் பிறகு வந்தன.

பொதுமக்களிடம் இது வந்தது 2013 ஏப்ரல் 15இல், பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பில். அன்று அங்கே கட்டப்பட்டதாகக் கணக்கில் வந்த டூர்னிக்கெட்டுகள் 27. எல்லாமே கையில் கிடைத்ததை வைத்துக் கட்டியவை. குச்சி வைத்துத் திருகாத கட்டு பல நேரம் சிரையை மட்டும் அடைத்து, தமனியைத் திறந்தபடியே விட்டுவிடும். அப்போது கட்டாமல் இருப்பதைவிட அதிக ரத்தம் போகும். 2015 முதல் அமெரிக்காவில் பொதுமக்களுக்கு ரத்தம் நிறுத்தும் பயிற்சியை ஒரு இயக்கமாகவே நடத்துகிறார்கள். நம் ஊரில் மர அறுவை மில்லிலும் கரும்பு ஆலையிலும் நெடுஞ்சாலையிலும் கை கால் போகிறவர்கள் குறைவா? அகலமான துணி, உறுதியான குச்சி, காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டின் மேல் படாமல், ரத்தம் நிற்கும் வரை திருகு. கட்டிய நேரத்தை எழுது. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர அரை மணி போதும்.

கூடவே ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே கயிறு கட்டும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது என்கிறது மருத்துவம். விஷம் நிற்காது, கால் கெடும், அவிழ்க்கும்போது நிலைமை மோசமாகும். பீறிடும் ரத்தத்துக்கு மட்டும்தான் இந்தக் கட்டு. பாம்புக்கடிக்குக் காலை அசைக்காமல் வைத்து மருத்துவமனைக்கு ஓடுவதே வழி.

உக்ரைனில் இந்தக் கதை இப்போது வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. பாக்தாதில் அடிபட்டவர் ஹெலிகாப்டரில் சீக்கிரம் அறுவை மேசைக்கு வந்தார். அதனால்தான் கட்டு காலைக் கெடுக்கவில்லை. உக்ரைனில் வானம் முழுக்க ட்ரோன்கள். காயம்பட்டவரை இருட்டும்வரை பதுங்குகுழியை விட்டு எடுக்க முடிவதில்லை. கட்டு ஆறு மணி, எட்டு மணி நேரம், அதற்கும் மேல் கிடக்கிறது. கட்டவே தேவையில்லாத காயங்களுக்கும் கட்டிவிடுகிறார்கள். அநியாயமாகப் போன கால்களைப் பற்றியும் பழுதான சிறுநீரகங்களைப் பற்றியும் மருத்துவர்கள் 2024இல் எழுதினார்கள். மொகதிஷுவின் பதினைந்து மணி நேரம் அங்கே வாடிக்கையாகிவிட்டது. ஆகவே பாடத்தில் இன்னொரு பகுதிக்கு இப்போது அழுத்தம் கூடியிருக்கிறது. சூடு ஓய்ந்ததும் கட்டைத் திரும்பப் பார். இரண்டு மணி நேரத்துக்குள், அடிபட்டவர் ரத்த இழப்பால் தளர்ந்துபோகவில்லை என்றால், காயத்தைத் துணியால் இறுக்கமாக அடைத்து, அழுத்தக் கட்டுப் போட்டு, பட்டையை மெல்லத் தளர்த்து. ரத்தம் வந்தால் மறுபடி இறுக்கு. ஆறு மணி நேரம் கடந்துவிட்டால் களத்தில் தளர்த்தாதே, அது அறுவை மருத்துவரின் வேலை.